சத்தம் போடாத ரப்பர்

நம் ஊர் மெக்கானிக் ‘புஷ்’ என்று சொல்லும் சின்ன ரப்பர் உருளைக்குப் பிரெஞ்சில் ‘சிலென்ப்ளோக்’ என்று பெயர். சத்தமில்லாத கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் உட்கார்ந்து சாலையின் அதிர்வைத் தான் வாங்கிக்கொள்ளும். அதைப் பிடுங்கிவிட்டுப் பாலியூரித்தேன் புஷ் போட்டால்தான் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ‘டைட்’ ஆகும் என்கிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

பிரான்சில் இருக்கும் என் அக்கா மகனிடம் ஒரு பெழோ 205 ஜிடிஐ இருக்கிறது. 1984இல் வந்த வகை. 1.6 லிட்டர், 105 குதிரைத்திறன், எடை 850 கிலோ அளவுதான். வளைவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வெளியே ஓடும் என்று பெயர் எடுத்த வண்டி. அதற்கு முன்பக்கம் மட்டும் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங், புது புஷ் எல்லாம் போடச் சொல்லி நண்பர்கள் அவனை ஏற்றிவிடுகிறார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கில் பாதியை மட்டும் திருத்தினால் என்ன ஆகும்?

நான் மெக்கானிக் இல்லை, கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஆனால் பள்ளியில் படித்த பிரெஞ்சு இன்னும் இருக்கிறது. அவன் அனுப்பும் கையேடுகளை வரி விடாமல் படிப்பேன். அந்தக் காரின் முன்பக்கம் மக்ஃபெர்சன் ஸ்ட்ரட். உயரத்தை அதிகம் குறைத்தால் லோயர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கி நிற்கும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி பாடி இறங்குவதைவிட அதிகமாக இறங்கிவிடும். சாய்வு கூடும். கூடிய சாய்வை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங். நாமே கிளப்பிய ஆட்சேபணைக்கு நாமே பதில் எழுதுகிற வேலை இது.

முப்பத்தைந்து வருட ரப்பர் செத்திருக்கும், மாற்றத்தான் வேண்டும். ஆனால் கம்பெனி போட்ட வகையிலேயே, இரண்டு பக்கமும் சேர்த்து. ஷாக் அப்சார்பர், பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட்டின் மேல் பேரிங் எல்லாம் புதிதாக்கி, வீல் அலைன்மென்ட் பார்த்து ஓட்டிய பிறகு குறை இருந்தால் பேசலாம். ஒன்று முக்கியம். ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டுதான் வேலை செய்யும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம். இதைச் செய்யாமல் விட்டு, “ஒரிஜினல் ரப்பர் தாங்கவில்லை” என்று பழி போடுகிறவர்கள் உண்டு.

பாலியூரித்தேனும் கெட்ட சரக்கு இல்லை. பந்தயப் பாதையில் மட்டும் ஓடும் வண்டிக்குச் சரி. வீதியில் ஓடும் வண்டியில் அதிர்வு முழுதும் ஸ்டியரிங்குக்கு வரும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும்.

எழுத்தர் புத்தி இன்னொன்றையும் பார்க்கிறது. பிரான்சில் முப்பது வருடம் தாண்டிய வண்டியை ‘கொலெக்சியோன்’ என்று பதிவு செய்யலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சோதனை போதும், மற்ற பழைய கார்களுக்கு இரண்டு வருடம். ஆனால் முக்கிய பாகங்களின் தொழில்நுட்பத் தன்மை மாறியிருக்கக் கூடாது என்பது விதி. அந்தப் பத்தியை அடிக்கோடிட்டு அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். கிட் விற்கிறவர்களின் விளம்பரத்தில் அந்த வரி இல்லை.