எண்ணூறு மில்லிமீட்டர் யாருடைய தோளுக்கு?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் மலைச் சைக்கிள் வாங்க நினைக்கும் இளைஞருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்: "டவுன்ஹில் ஓட்டணும்னா 800 மில்லிமீட்டர் ஹேண்டில்பார் போடு. அகலம் கூடினா கண்ட்ரோல் கூடும்." கடையில் சொல்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் சொல்கிறார்கள், ஏலகிரிக்குப் போய் வந்தவர்கள் அடித்தே சொல்கிறார்கள். இந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியோ, ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரைக் கைகள் விரிந்து, முழங்கை விறைத்து, நெஞ்சு முன்னால் இழுபட்ட நிலையில் மலைச்சரிவில் இறங்க வைக்கிறது. விழுந்தால் தோள்பட்டை எலும்பு போகிற விளையாட்டு இது. தவறான அளவைச் சரியென்று சொல்லிக்கொடுப்பதை அப்படியே விட்டுவிட முடியாது.

முதலில் உண்மையான பாதி. முன்சக்கரம் கல்லில் இடித்ததும் ஹேண்டில்பார் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். கை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதைத் தடுத்து நிறுத்த அவ்வளவு குறைந்த பலம் போதும். 800 பாரில் உள்ளங்கை பதியும் இடம் நடுவிலிருந்து சுமார் 345 மி.மீ. தள்ளி இருக்கும், 740 பாரில் 315. அதே கல், அதே இடி என்றால் 740 பிடித்தவர் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் பலம் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் அந்தப் பலத்தைக் கொடுப்பது ஒரு மனித உடம்பு. கையின் பலம் எல்லா நிலையிலும் ஒன்றாக இருப்பதில்லை. தண்டால் எடுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தோளைவிடக் கொஞ்சம் அகலமாகக் கையை ஊன்றினால் நெஞ்சும் தோளும் முழங்கைக்குப் பின்பக்கத் தசையும் சேர்ந்து வேலை செய்யும். இன்னும் இரண்டு சாண் விரித்து ஊன்றுங்கள். நெஞ்சு தரையை நோக்கித் தாழும், தோள்மூட்டு வலிக்கும், உடம்பைத் தள்ளி எழுப்பும் பலம் பாதியில் நின்றுவிடும். அதிக அகலமான பாரைப் பிடித்தவர் சரிவில் இறங்குவது இந்த இரண்டாவது நிலையில்தான். நெம்புகோலில் கிடைத்த பத்து சதவீதத்தைத் தோள்மூட்டு திருப்பி எடுத்துக்கொள்கிறது.

இடிகளைக் கையில் வாங்கும் வேலை முழங்கையுடையது. சரிவில் இறங்கும்போது முழங்கை மடங்கி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். பள்ளத்தில் கை நீள வேண்டும், மேட்டில் மடங்க வேண்டும். முன் ஃபோர்க்கில் அமுங்கும் தூரம் 200 மி.மீ. இருந்தாலும் அதற்கு மேலே இருக்கும் சஸ்பென்ஷன் நம் கைதான். பார் அகலமாகும்போது கையின் நீளம் பக்கவாட்டில் செலவாகிறது, முன்னும் பின்னும் அசைய மிச்சம் குறைகிறது. உயரமானவருக்குக் கை நீளமாக இருப்பதால் இது தெரியாது. குட்டையானவருக்கு முதல் பள்ளத்திலேயே கை நேராகிவிடும். அதற்கு மேல் இடி நேராகத் தோளுக்குப் போகும்.

வளைவில் இது இன்னும் மோசம். இறுக்கமான கொண்டை ஊசி வளைவில் ஹேண்டிலை 30 டிகிரி திருப்புவதாக வைத்துக்கொள்வோம். 800 பாரில் வெளிப்பக்கக் கை சுமார் 172 மி.மீ. முன்னால் போக வேண்டும், 740 பாரில் 157. வித்தியாசம் 15 மி.மீ.தான், ஒரு விரல் அகலம். ஏற்கெனவே முக்கால்வாசி நீண்டுவிட்ட கைக்கு அந்த ஒரு விரல் அகலமே கடைசி விரல் அகலம். அங்கே கை எட்டாமல் தோள் இழுபடுகிறது, தோளோடு உடம்பு திரும்புகிறது, எடை போகக் கூடாத பக்கம் போகிறது. வளைவில் வெளியே வழுக்கி விழுந்தவர்கள் டயரையும் மண்ணையும் குறை சொல்வார்கள். பாரின் அகலத்தை அளந்து பார்ப்பவர்கள் அபூர்வம்.

இந்திய ஆண்களின் சராசரி உயரம் 165 சென்டிமீட்டரை ஒட்டியது. பெண்களுக்கு 152-ஐ ஒட்டியது. நெதர்லாந்து ஆண்களின் சராசரி 183-ஐத் தொடுகிறது. அவர்களும் நாமும் ஒரே அட்டைப்பெட்டியில் வந்த ஒரே பாரைப் பிடிக்கிறோம்.

அடுத்த வாதம்: "உலகக் கோப்பையில் இறங்குபவர்கள் எல்லாம் 800தான்." இல்லை. 740-க்கும் 800-க்கும் இடையில் பல அளவுகளில் ஓட்டுகிறார்கள். உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், பெரும்பாலும் பாரை வெட்டித்தான் ஓட்டுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கிரெக் மின்னார் 2003, 2012, 2013, 2021 என்று நான்கு முறை டவுன்ஹில் உலகச் சாம்பியன் ஆனவர். அவர் உயரம் ஆறடி மூன்றங்குலம். அந்தத் தோளுக்கும் அந்தக் கைக்கும் அகலமான பார் இயல்பாகப் பொருந்தும். அவர் வண்டியின் படத்தைப் பார்த்து சிட்லபாக்கத்தில் ஒரு பதினாறு வயதுப் பையன் அதே அளவை மாட்டினால், சாம்பியனிடமிருந்து அவனுக்குக் கிடைப்பது அலுமினியக் குழாய் மட்டும்தான்.

பார்கள் 800 அளவில் விற்பனைக்கு வருவதற்கு எளிய காரணம் உண்டு. நீளமான குழாயை வெட்டலாம். குட்டையானதை நீட்ட முடியாது. எல்லா உடம்புக்கும் சேர்த்து ஒரே சரக்கை அனுப்ப அதுவே வசதி. அதனால்தான் பல பார்களின் இரு முனைகளிலும் வெட்டுவதற்கான கோடுகளை நிறுவனமே அச்சிட்டு அனுப்புகிறது. கோடு போட்டு வந்த துணியைத் தைக்காமலே உடுத்திக்கொண்டு, இதுதான் அளவு என்கிறோம்.

"குறுகல் பழைய காலத்து வழக்கம், அகலம்தான் முன்னேற்றம்" என்றும் சொல்கிறார்கள். வரலாறு அவ்வளவு நேர்கோடு இல்லை. 1976-ல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் 'ரீபேக்' என்ற மண்பாதையில் பழைய கனரகச் சைக்கிள்களை வைத்துச் சரிவுப் பந்தயம் தொடங்கியவர்கள் பிடித்தது அகலமான ஹேண்டிலைத்தான். குறுகலான பார் பிறகு வந்தது, ஏற்றமும் இறக்கமும் கலந்த கிராஸ்கண்ட்ரி பந்தயத்திலிருந்து. 1990-களில் 560, 580 மி.மீ. சாதாரணம். அத்துடன் பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம் 120 மி.மீ.க்கும் மேல் நீளம், இன்றையதைவிட நிமிர்ந்த ஃபோர்க். அந்த வண்டி சரிவில் பயமுறுத்தியது உண்மை. ஆனால் பயத்துக்குக் காரணம் மூன்றும் சேர்ந்தது. இன்று ஸ்டெம் 35 முதல் 50 மி.மீ.க்குச் சுருங்கிவிட்டது, ஃபோர்க் நன்றாக முன்னால் சாய்ந்துவிட்டது, ஃபிரேம் நீண்டுவிட்டது. இந்த வண்டியில் 740 பிடிப்பதை 1992-க்குத் திரும்புவதாகச் சொல்வது பொருந்தாது. 600 பிடிக்கச் சொன்னால் நானே எதிர்ப்பேன். வளர்ந்தவர்களில் மிகப் பலருக்கு 700-க்குக் கீழே டவுன்ஹில் ஓட்டுவது கைக்குச் சிரமம்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் நம்பிக்கை: "வெட்டினால் பார் வீக் ஆகிவிடும், ஒடிந்துவிடும்." இந்தப் பயத்தில்தான் பலர் பொருந்தாத பாரை வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஹேண்டில்பாரில் அழுத்தம் உச்சமாக விழுவது முனையில் இல்லை. நடுவில், ஸ்டெம் கவ்வும் இடத்தின் ஓரத்தில். முனையில் கை கொடுக்கும் எடை, எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக அந்த நடு இடத்தை வளைக்கும். இரு பக்கமும் 30 மி.மீ. வெட்டினால் அந்த வளைவிசை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். வெட்டிய பார் அந்த இடத்தில் கூடுதல் பாதுகாப்போடு இருக்கிறது என்பதுதான் கணக்கு. பார் ஒடிவதற்கு வழக்கமான காரணங்கள் வேறு: ஸ்டெம் போல்ட்டை டார்க் ரெஞ்ச் இல்லாமல் கண்டபடி முறுக்குவது, விழுந்தபோது பிரேக் லிவர் கீறிய கோட்டைக் கவனிக்காமல் விடுவது.

வெட்டுவதில் ஒரு இழப்பு இருக்கிறது. பார் விறைப்பாகும். ஒரே கனமுள்ள குழாய் என்று வைத்துக் கணக்கிட்டால், 800-ஐ 740 ஆக்கும்போது முனையின் நெகிழ்வு கால் பங்கு வரை குறையலாம். நீளமான சரிவில் உள்ளங்கை மரத்துப்போகும். ஸ்டெம் கவ்வும் இடத்தில் பாரின் விட்டம் 31.8 மி.மீ.யிலிருந்து பல பார்களில் 35 ஆன பிறகு இது இன்னும் தெரிகிறது. மெத்தென்ற கிரிப், முன்டயரில் சற்றுக் குறைந்த காற்று, அல்லது 31.8 பாரையே தேர்ந்தெடுப்பது என்று சமாளிக்கலாம். விறைத்த தோளைச் சமாளிக்க அப்படி எந்த வழியும் இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தாம்பரத்தைச் சுற்றி டவுன்ஹில் பாதை என்று சொல்லத்தக்கது எது? பல்லாவரம், திரிசூலம், பச்சைமலை, திருநீர்மலை எல்லாம் சார்னோக்கைட் பாறைக் குன்றுகள். உயரம் சில நூறு அடிதான். அவற்றில் கல்குவாரி தின்றது பாதி. வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளில் அனுமதி இல்லாமல் சைக்கிளோடு நுழையக் கூடாது, நுழையவும் வேண்டாம். மிச்சமிருக்கும் கொஞ்சம் காடு அது. ஆகவே நம் பிள்ளைகள் பழகுவது ஏரிக்கரை மண்மேட்டிலும், வீட்டுமனை போட்டுக் கைவிட்ட செம்மண் தரையிலும். விடுமுறைக்கு ஏலகிரி, கொல்லிமலை, கோத்தகிரி. மற்ற நாளெல்லாம் அதே வண்டி முடிச்சூர் சாலையிலும் கேம்ப் ரோடு சந்திப்பிலும்தான் ஓடுகிறது.

அங்கே 800 என்றால் என்ன? ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் பைக்கின் மொத்த அகலம் 720 மி.மீ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு 785. இருநூறு கிலோவை ஒட்டிக் கனக்கும் புல்லட்டைவிட அகலமான ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஆட்டோவுக்கும் காய்கறி வண்டிக்கும் நடுவே ஒரு மாணவன் புகுந்து வருகிறான். கண்ணாடி இல்லை, ஹாரன் இல்லை. பஸ்ஸின் ஓரம் பாரின் முனையில் தட்டினால் முன்சக்கரம் சட்டெனத் திரும்பும்; நீண்ட நெம்புகோல் இங்கே அவனுக்கு எதிராக வேலை செய்கிறது. மலையிலும் இதே கதைதான். கொல்லிமலை ஒற்றையடிப் பாதையில் காப்பித்தோட்டத்து வேலிக்கம்பமும் சில்வர் ஓக் மரமும் நம் பாரின் அகலத்தைக் கேட்டு நடப்பட்டவை அல்ல.

"அப்படியானால் ஃபார்முலா சொல்லுங்கள்" என்பார்கள். சென்டிமீட்டரில் உள்ள உயரத்தை 4.4-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டரில் பாரின் அகலம் வரும் என்று ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. 165-க்கு 726, 175-க்கு 770, 152-க்கு 669. தொடங்குவதற்கு நல்ல இடம், முடிப்பதற்குப் போதாது. ஒரே உயரத்தில் குறுகிய தோளும் உண்டு, அகன்ற தோளும் உண்டு; கபடி ஆடி வளர்ந்த தோளும் உண்டு, மூட்டு நழுவும் பழைய தோள் காயமும் உண்டு.

ஆகவே உடம்பையே கேட்க வேண்டும். ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. முனை திறந்த, அலன் கீயால் இறுக்கும் கிரிப் என்றால் அதைத் தளர்த்தி, பிரேக் லிவரையும் கியர் ஷிஃப்டரையும் கிரிப்போடு சேர்த்து இரு பக்கமும் 10 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், முனையை மூடும் எண்ட் பிளக்கோடு, அப்படியே இருக்கட்டும். நெரிசலான தெருவுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். பழகிய ஏரிக்கரைச் சரிவில் இரண்டு வாரம் ஓட்டுங்கள். முதல் நாள் ஹேண்டில் துடிப்பாகத் தோன்றும். மூன்றாவது நாளுக்குள் அது பழகிவிடும். பிறகு கவனிக்க வேண்டியது தோளையும் முழங்கையையும். சரிவு முடிந்ததும் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே வலிப்பது குறைந்ததா? வளைவில் வெளிப்பக்க முழங்கை மடங்கியே இருக்கிறதா? ஆம் என்றால் இன்னும் 5 மி.மீ. தள்ளிப் பாருங்கள். மேட்டில் முன்சக்கரம் அடக்க முடியாமல் அலைகிறது என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, ஒரு படி பின்னால் வாருங்கள். அங்கே குறி போடுங்கள்.

வெட்டும்போது அலுமினியத்துக்கு ஆக்ஸா பிளேடோ பிளம்பர் வைத்திருக்கும் பைப் கட்டரோ போதும். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். கார்பன் என்றால் நுண்பல் பிளேடு, வெட்டும் இடத்தில் டேப், மூக்கில் மாஸ்க், தூசி எழாமல் நனைத்துக்கொண்டே அறுப்பது. நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. லிவரும் ஷிஃப்டரும் உட்காரும் அளவுக்கு நேர்க்குழாய் மிச்சமிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

ஆறடிக்கு மேல் உயரமும் அகன்ற தோளும் உள்ளவர், 780-லோ 800-லோ முழங்கை தாராளமாக மடங்குகிறது என்றால் அப்படியே ஓட்டட்டும். அவரை வெட்டச் சொல்லும் உரிமை எனக்கில்லை. மற்றவர்கள், முக்கியமாக அண்ணன் வண்டியை எடுத்து ஓட்டும் பள்ளிப் பிள்ளைகளும் பெண்களும், வாங்கும் அன்றே கடையில் வண்டியில் உட்கார்ந்து பார்த்து, கிரிப்பை உள்ளே தள்ளித் தரச் சொல்லி, ஓட்டிப் பார்த்து அளவு தெரிந்ததும் வெட்டித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரியவர்கள் கூடப் போய்க் கேளுங்கள். வெட்டிய பிறகு இரு முனையிலும் எண்ட் பிளக் மாட்டாமல் வண்டியைக் கடைவாசல் தாண்ட விடாதீர்கள். திறந்த குழாய்முனை விழும்போது தொடையிலோ வயிற்றிலோ வட்டமாகச் சதையை அறுத்து எடுக்கும். பிளக் விலை ஒரு பஞ்சர் ஒட்டும் காசுதான்.