சம்மன் வந்தால் பதுங்காதீர்கள்!

கடையில் வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம். போலீஸ்காரர் வந்து சம்மனை நீட்டுகிறார். "சாட்சி சொல்ல எழும்பூர் கோர்ட்டுக்கு வரணும்!"

பலருக்கு அப்போதே வயிற்றைக் கலக்கிவிடும். "நமக்கு ஏன் வம்பு?" என்று வாங்காமல் நழுவுகிறவர்களும் உண்டு.

இது தப்பு! சாட்சி சம்மன் வந்தால் நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். பார்த்ததைச் சொல்ல கோர்ட்டு கூப்பிடுகிறது. அவ்வளவுதான்.

கோர்ட்டு முத்திரை, கையெழுத்து, வழக்கு எண், தேதி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். வீட்டில் ஆம்பளை இல்லை என்ற சாக்கும் இனி செல்லாது. 1-7-2024 முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி, வயது வந்த பெண்களிடமும் கொடுக்கலாம்.

வேண்டுமென்றே போகாமல் இருந்தால் பிடிவாரண்டு வரலாம். 6 மாதம் வரை ஜெயில், ரூ.10 ஆயிரம் வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. உடம்பு சரியில்லையா? டாக்டர் சர்டிபிகேட்டோடு முன்கூட்டியே கோர்ட்டுக்குச் சொல்லி விடுங்கள்.

சரி, ஒழுங்காகப் போகிறவனுக்கு என்ன மரியாதை? காலையிலிருந்து கால் கடுக்க நின்றால், சாயங்காலம் "வாய்தா" என்கிறார்கள். அன்றைய பிழைப்பு போச்சு!

வந்து நிற்கும் சாட்சியை விசாரிக்காமல், தக்க காரணம் எழுதாமல் வழக்கைத் தள்ளி வைக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. கிரிமினல் வழக்கில் சாட்சிக்குப் பேட்டா கொடுக்கவும் வழி இருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

சாட்சி வராவிட்டால் திருடன் சிரிப்பான். வந்த சாட்சியை அலைய விட்டாலும் அவன்தான் சிரிப்பான்!