தெரிவு அவர்களது, செலவு நமது

புதியது எதுவாயினும் சிறந்ததே என்போருக்கு றாம்பஸ் நினைவகத்தின் கதையை நினைவூட்ட விரும்புகிறேன். 1999 நவம்பரில் இன்ரெல் தனது 820 சிப்செற் மூலம் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. தடத்தின் அகலம் 16 பிட் மட்டுமே. ஆயின் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தாய்ப்பலகையின் செப்புக்கோடுகள் மிகத் துல்லியமாக அமையவேண்டியிருந்தது. வெறுமையான செருகுவாயிலும் ஓர் இணைப்பு அட்டையைச் செருகியாக வேண்டும். மூன்று செருகுவாய்கள் கொண்ட பலகைகள் தவறிழைத்தமையால் வெளியீடே பிற்போடப்பட்டிருந்தது. மலிவான எஸ்டிறாமையும் ஏற்பதற்கெனச் சேர்க்கப்பட்ட இடைச்சில்லு பழுதானது. 2000 மே மாதம் அப்பலகைகள் மீளப்பெறப்பட்டன.

இத்தனைக்குப் பின்னரும் அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த பென்ரியம் 4 இற்கு அதே விலையுயர்ந்த நினைவகத்தையே இன்ரெல் விதித்தது. எஸ்டிறாமுக்கு இடமளித்த அதன் 845 சிப்செற் 2001 செப்ரெம்பரில்தான் வந்தது. நினைவகத்தைத் தெரிந்தவர் பலகையின் விலையையும் தீர்மானிக்கிறார், செலுத்துபவரோ நுகர்வோர். இதனை முன்னேற்றம் என அழைக்க நான் ஆயத்தமாக இல்லை.