கோப்பையை மட்டும் எண்ணாதீங்க

மட்டக்களப்பில கூடைப்பந்து பற்றிக் கதைக்கத் தொடங்கினா, கொஞ்ச நேரத்தில ஃபாதர் ஹேபியரின் பெயர் வந்திடும். "அவர்ர காலம் மாதிரி இனி வராது" என்று ஒருத்தர் சொல்லுவார், மற்ற ஆக்கள் தலையாட்டுவாங்க. அதோட கதை முடிஞ்சிடும். அங்க முடிக்கிறதுதான் எங்களுக்குப் பிரச்சினை.

யூஜின் ஜோன் ஹேபியர் 1923இல் அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்தவர். இயேசு சபைத் துறவியாக 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும், பிறகு இங்க புனித மிக்கேல் கல்லூரியிலும் பொடியன்மாருக்குக் கூடைப்பந்து பழக்கினார். கொழும்புப் பாடசாலைகளோட நேருக்கு நேர் நின்று வெல்லுற அணிகளை வாவிக்கரைப் பிள்ளைகளை வைத்தே உருவாக்கினார். பிறகு தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் ஒன்றை நடத்தி, இளைஞர்களுக்குத் தொழில் பழக்கினார். இவ்வளவையும் பெருமையா சொல்லுறம். சரி, மிச்சம்?

1990 ஆகஸ்ட் 15. அவருக்கு 66 வயது. சண்டைக்குள்ள அகப்பட்ட ஆக்களுக்கு உதவ வாழைச்சேனைக்குப் போயிருந்தவர், ஸ்கூட்டரில மட்டக்களப்புக்குத் திரும்ப வெளிக்கிட்டார். கூட ஒரு தமிழ் இளைஞனும் வந்தான். ரெண்டு பேரும் வந்து சேரவில்லை. இன்றுவரைக்கும் உடலும் இல்லை, பதிலும் இல்லை.

ஆனா மேடையில நாங்க என்ன சொல்லுறம்? "மறைந்த பயிற்றுநர்". மறைந்தவர் என்றால் செத்தவர் என்று அர்த்தம். நோய் வந்து, பூசை வைத்து, அடக்கம் செய்த ஆளுக்குச் சொல்லுற சொல் அது. இவருக்குக் கல்லறையே இல்லை. சரியான சொல் "காணாமல் ஆக்கப்பட்டவர்". அதைச் சொன்னா யார் ஆக்கினது என்று அடுத்த கேள்வி வரும். அதுக்குப் பயந்துதான் நல்ல சொல்லாத் தேடுறம்.

"விளையாட்டுக்குள்ள அரசியலைக் கொண்டுவராதீங்க" என்று சில அண்ணாமார் சொல்லுவாங்க. அண்ணா, அரசியல்தான் அவரை வீதியில மறிச்சது. அந்த வீதியில போனதும் அவர்ர வாழ்க்கையின் ஒரு பகுதிதான். மைதானத்தில் பிள்ளைகளோட நின்ற மனிசன், சனம் ஓடுற நேரத்திலயும் சனத்தோட நின்றார். வென்ற ஆட்டங்களை எடுத்துக்கொண்டு இதை விட்டா, பாதி மனிசனைத்தான் நினைவுகூருறம்.

"வெள்ளைக்காரர் என்றபடியாத்தானே அவரைப் பற்றிக் கதைக்கிறீங்க, எங்கட ஆக்கள் எத்தனை பேர்?" என்றும் கேட்பாங்க. நியாயமான கேள்வி. அந்த ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த ஆக்களைச் சுட்டுக் கொன்றாங்க. பிறகு ஏறாவூர். செப்டம்பர் 5 வந்தாறுமூலை வளாகத்தில இருந்து 158 பேரைக் கொண்டுபோனாங்க. செப்டம்பர் 9 சத்துருக்கொண்டான். ஹேபியரின் பெயரைச் சரியாச் சொன்னா இந்தப் பெயர்களும் சேர்ந்துதான் வரும். ஸ்கூட்டரில கூட வந்த அந்தப் பொடியனும் வருவான். அவனை வெறும் "கூட வந்தவர்" என்று விட்டுவிடுறதும் எங்கட தப்புத்தான்.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் போட்டாங்க. அந்தப் பெயரிலும் "போன" என்றுதான் இருக்கு, தானாப் போன மாதிரி. அரசாங்கம் அப்படி எழுதும். நாங்களும் ஏன் அப்படிச் சொல்லணும்?

கேட்கிறது பெரிசா ஒன்றும் இல்லை. அடுத்த முறை ஒரு சுற்றுப்போட்டியில அவர்ர பெயரைச் சொல்லும்போது, அந்தத் திகதியையும் சொல்லுங்க. காணாமல் ஆக்கப்பட்டார் என்று மைக்கில சொல்லுங்க. பந்தோட நிற்கிற பிள்ளைகள் "யார் செய்தது?" என்று கேட்டா, வாயை மூடச் சொல்லாதீங்க.