புனையா ஓவியமும் கணினிக் கோடும்

இவ்வாண்டு நம் கல்லூரிச் சித்திரப் போட்டிக்கு வந்த கோட்டுப்படங்களுட் சில கையால் வரையப்பட்டனவல்ல, நிழற்படங்களைக் கணினியில் இட்டு மாற்றியெடுத்தனவே என்றொரு பேச்சு விடுதிகளில் எழுந்து இன்னும் அடங்கினபாடில்லை. அத்தகைய படங்களை அடியோடு விலக்கவேண்டும் என்பர் ஒரு சாரார். கருவி எதுவாயினும் படம் அழகாயிருப்பின் அமையாதோ என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் நம் நண்பரே. ஆயினும் அம்மாற்றம் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை அவருள் எவரும் நின்று நோக்கினாரல்லர் என்பது நம் கருத்து.

முறை சொல்லுதல் எளிது. போட்டோஷாப் ஆயினும், விலையின்றிக் கிடைக்கும் ஜிம்ப் ஆயினும் வழி ஒன்றே. நிழற்படத்தின் வண்ணத்தை முதலிற் களைந்து, கருமையும் வெண்மையும் சாம்பல் நிறமும் மட்டும் எஞ்சச் செய்க. அதனைப் படியெடுத்து மேலே மற்றோர் அடுக்காக வைக்க. அம்மேலடுக்கிற் கரியதை வெளியதாகவும் வெளியதைக் கரியதாகவும் மாற்றுக. பின்னர் ‘டாட்ஜ்’ என்னும் கலப்பு முறையை அதற்கு அமைக்க. உடனே திரை ஏறக்குறைய முழுதும் வெளுத்துப் படமே இல்லாதொழியும். அஞ்சவேண்டுவதில்லை. அம்மேலடுக்கைக் ‘காஸியன் பிளர்’ என்னும் வடிகட்டியால் சிறிது மங்கச் செய்யின், வெறுந்தாளினின்று பென்சிற் கோடுகள் எழுந்து வரும். முதன்முறை காண்பார்க்கு அஃது இந்திரசாலமாகவே தோன்றும்.

உண்மையில் அங்கே நிகழ்வது ஒரு வகுத்தற் கணக்கே. ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும், அதனைச் சூழ்ந்த புள்ளிகளின் சராசரி ஒளியாற் கணினி வகுக்கின்றது. இரண்டும் ஒத்திருப்பின் ஈவு 1, அவ்விடம் வெண்மையாம். புள்ளி தன் அயலினும் இருண்டதாயின் ஈவு 1-இற் குறையும். அவ்விடத்தே கோடு தோன்றும். அயலினும் ஒளி மிக்கதாயின் ஈவு 1-ஐக் கடக்கும். அதுவும் வெண்மையென்றே கொள்ளப்படும். மங்கலின் ஆரம் சிறிதாயின் மெல்லிய கோடும், பெரிதாயின் நிழல் தோய்ந்த தடித்த கோடும் வருவது இக்கணக்கின் பயனே. ஆகவே கணினி வரைவது பொருளின் எல்லையை அன்று, ஒளியின் ஏற்றத்தாழ்வை.

இவ்வேறுபாட்டைச் சிறிதென்று எண்ணலாகாது. மாலை வெயிலில் எடுத்த ஆலயப் படம் ஒன்றை இம்முறைக்கு உட்படுத்தி நோக்கினோம். சுவரின் மூலையைக் காட்டிலும், சுவரின்மேல் வீழ்ந்த தூண்நிழலின் விளிம்பு அழுத்தமாக வந்தது. வேம்பின் இலை ஒவ்வொன்றும் தனிக்கோடாகிக் கோபுரத்தை மறைத்துக்கொண்டது. வெண்சுண்ணச் சுவரும் வெளிறிய வானமும் கூடுமிடத்திற் கோடே இல்லை. வாயிலில் அமர்ந்திருந்த மூதாட்டியின் கட்டம்போட்ட சேலை வலைபோற் பின்னிக் கிடக்க, அவர் முகமோ இரண்டு மூன்று புள்ளிகளாய் ஒடுங்கிற்று. அவ்விடத்தே நம் மாணவர் ஒருவர் தாளும் பென்சிலுமாய் அமர்ந்திருப்பின், முகத்தை முன்னர் எழுதிச் சேலையின் கட்டங்களை நாலைந்து கோட்டாற் குறிப்பித்து விட்டிருப்பார்.

வண்ணந் தீட்டாத கோட்டுருவிற்கு நம் தமிழில் பழம்பெயர் ஒன்றுண்டு. நெடுநல்வாடையில் நக்கீரர் அதனைப் புனையா ஓவியம் என்றழைத்து, தலைவனைப் பிரிந்து அணிகலன் களைந்திருந்த அரசிக்கு உவமையாக்கினார். அணி நீங்கியும் அவள் அரசியாகவே தோன்றுகின்றாள் அன்றோ! எதனை நீக்கினால் உருக் கெடாது, எதனை நீக்கினாற் கெடும் என்று அறிந்தவனே அத்தகைய ஓவியத்தை எழுத வல்லான். செடிநூலார்க்கும் இவ்வறிவே வேண்டப்படுகின்றது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் இராபினாட் தாவரக் களஞ்சியத்தைச் சார்ந்த மத்தேயு அடிகளார், தமிழ்நாட்டுக் கருநாடகப் பகுதியின் தாவரங்களுக்கெனப் படத்தொகுதி ஒன்றை 1982-இல் வெளியிட்டனர். நிழற்படக் கருவி மலிந்த காலத்தும் அத்தொகுதி கோட்டுப்படங்களாலேயே அமைந்தது. புழு அரித்த துளையும் இலைமேற் படிந்த தூசும் நிழற்படத்தில் தப்பாது விழும். வரைவோன் அவற்றை விடுத்து, இனத்தை இனத்தினின்று பிரிக்கும் மகரந்தத்தாளையும் காம்பின் மயிரையும் காட்டுவான்.

இனி, விலக்கவேண்டும் என்பாரை நோக்கி ஒரு சொல். நிழற்படத்திற்கும் சித்திரத்திற்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்னும் ஆங்கிலேயர் 1833-இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில், காமிரா லூசிடா என்னும் கருவியின் துணையிருந்தும் காட்சியை வரைய மாட்டாது சலித்தார். ஒளி தானே தாளிற் பதியலாகாதோ என்று அவர் எண்ணியதன் பயனாகவே தாளில் நிழற்படம் எடுக்கும் அவரது முறை பிறந்தது. (வரைய வராதார் எல்லாரும் இவ்வளவு பயன்பட்டிருப்பின் நன்று!) பின்னர் அந்நூற்றாண்டில், சாம்பல் நிறங்களை அச்சிடும் ஹாஃப்டோன் முறை பரவுமுன், பத்திரிகைச் சித்திரக்காரர் நிழற்படப் பிரதியின்மேல் அழியா மையாற் கோடிட்டனர். பின் பாதரச உப்புக் கரைசலில் நிழற்படத்தை வெளுக்கச் செய்து, எஞ்சிய கோடுகளை அச்சுக்கு அனுப்பினர். எந்தக் கோடு வேண்டும் என்று தேர்ந்தது அங்கு மனிதக் கண்ணே.

அவ்வழி இன்று நம் கணினியிலும் உளது. நிழற்பட அடுக்கை மங்கலாக்கி, அதன்மேல் வெற்றடுக்கொன்றைத் திறந்து, அதிற் கையாற் கோடிட்டு, முடிவில் நிழற்பட அடுக்கை நீக்கிவிடலாம். இதனைச் சித்திரமென்று ஏற்பதில் நமக்குத் தடை யாதுமில்லை. கட்டளையால் வந்த படமும் பயனற்றதன்று. நாடக அறிவிப்பிற்கும் மன்றத் துண்டறிக்கைக்கும் அது மிக ஏற்றது. நகலெடுக்கும் பொறியில் நிழற்படம் கரிக்கட்டையாகும், கோட்டுப்படமோ தெளிவாய் விழும். ஆனால் இரண்டு மாலைப்பொழுது அமர்ந்து வரைந்த மாணவியும், நான்கு கட்டளைகளால் இரண்டு நிமிடத்திற் படம் பெற்றவரும் ஒரே பரிசுக்கு நிற்பது முறையாகாது. அம்மாணவி அடுத்த ஆண்டும் பென்சிலை எடுப்பார் என்பதற்கு என்ன உறுதி?

ஆதலின் பத்திராசிரியர் குழுவினர்க்கு நாம் வேண்டிக்கொள்வது இது. அடுத்த ஆண்டு மலரில் ஒவ்வொரு படத்தின் கீழும் ‘கையால் வரைந்தது’, ‘நிழற்படத்தின்மேல் வரைந்தது’, ‘நிழற்படத்தினின்று மாற்றியது’ என்னும் மூன்றனுள் ஒன்றை அச்சிடுக. முதலிரண்டும் போட்டிக்கு உரியனவாகட்டும். மூன்றாவதற்கு வேறு பக்கம் ஒதுக்கப்படட்டும். கணினியில் வரைந்தார், அடுக்குகள் ஒன்றாக்கப்படாத மூலக் கோப்பையும் உடன் அனுப்பவேண்டும் என்று விதித்தால், கோடு எவ்வாறு வந்தது என்பதை நடுவர் தாமே திறந்து பார்த்துக்கொள்வர்.