இரண்டாவது வால்வைப் பற்றி முதல் நாளே பேசுங்கள்

பெருந்தமனி வால்வு சுருங்கிப் போனால் மாற்றலாம், சரி. மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றி வால்விலிருந்தோ செய்யும் திசு வால்வு பெரும்பாலும் 10 முதல் 15 வருடம் உழைக்கும். அப்புறம்? 60 வயதில் மாற்றிக்கொண்டவர் 75-ல் மறுபடியும் படுக்க வேண்டியிருக்கும். இந்த 'அப்புறம்' பற்றி முதல் தடவையே பேசியாக வேண்டும்.

2002-ல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே, நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகவே வால்வு வைத்துக் காட்டினார். இன்று தேய்ந்த திசு வால்வுக்குள்ளேயே புது வால்வை விரித்துவிடுகிறார்கள். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பழைய வால்வை யாரும் வெளியே எடுப்பதில்லை.

இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி தமனிகள் வால்வுக்குச் சற்று மேலேதான் கிளம்புகின்றன. புது வால்வு விரியும்போது பழைய இதழ்கள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு அப்படியே நின்றுவிடும். கதவை முழுக்கத் திறந்து சுவரோடு ஒட்டினால் பின்னாலிருக்கும் ஜன்னல் மறைந்துவிடும் இல்லையா? அதே கதைதான். நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான் இப்படி ஆகிறது. ஆனால் ஆகிவிட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதில்லை.

ஆபத்தை முன்கூட்டியே கணிக்கலாம். சி.டி. ஸ்கேனில் புது வால்வைக் கற்பனையாகப் பொருத்தி, அதற்கும் கரோனரி வாய்க்கும் உள்ள தூரத்தை அளப்பார்கள். 4 மி.மீ.க்குக் கீழே என்றால் எச்சரிக்கை மணி. அப்போது கரோனரிக்குள் முன்கூட்டியே ஸ்டென்ட்டைத் தயாராக வைக்கலாம். அல்லது 'பசிலிக்கா' முறையில், மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் பழைய இதழைக் கிழித்து ரத்தத்துக்கு வழிவிடலாம். 2019-ல் வெளியான ஆய்வில் 30 பேரில் 28 பேருக்கு இது கைகூடியது, ஒருவருக்கும் கரோனரி அடைபடவில்லை. ஆனால் 3 பேருக்குப் பக்கவாதம் வந்தது. ஆக, இதுவும் இலவசமாகக் கிடைக்கிற பாதுகாப்பு அல்ல.

பயந்திருக்கும் நோயாளியிடம் 15 வருடம் கழித்து வரப்போவதை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். விடை எளிது. இரண்டாவது வால்வின் விதி முதல் வால்விலேயே பாதி எழுதப்பட்டுவிடுகிறது. முதலில் வைத்தது சிறியதா, அதன் இதழ்கள் எவ்வளவு உயரம், இதழ்கள் சட்டத்துக்கு வெளியே தைக்கப்பட்டவையா என்பதெல்லாம் பின்னால் கணக்குக்கு வரும். முதல் அறுவை சிகிச்சையிலேயே தமனியின் அடிப்பகுதியை அகலப்படுத்திப் பெரிய வால்வு வைத்தால், பிற்பாடு இடம் கிடைக்கும். அந்த வாய்ப்பு அன்றைக்கு மட்டும்தான்.

2019-ல் அமெரிக்காவில் ஆபத்து குறைந்த நோயாளிகளுக்கும் கதீட்டர் வால்வு அனுமதிக்கப்பட்டது. ஆயுள் நீண்டு கிடப்பவர்கள் இவர்கள்தான். மூன்றே நாளில் வீட்டுக்குப் போகலாம் என்பது மட்டுமே பதிலாகிவிடக் கூடாது. "இது தேய்ந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று நோயாளி கேட்கட்டும். கேட்காவிட்டாலும் மருத்துவர் சொல்லட்டும்.