பாறை ஏறும் பூங்கா: மலையகத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்டவுக்கு ஏறும் வீதியில் பயணிப்பவருக்குப் பாறையைத் தனியாகக் காட்டத் தேவையில்லை. தேயிலைக்கு மேலே பாறை, பாறைக்குக் கீழே லயம் என்பதுதான் அந்தப் பக்கத்து நில அமைப்பு. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் இலங்கையின் முதலாவது வர்த்தகத் தேயிலையைப் பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இங்கேதான் இருக்கிறது. அவர் உட்கார்ந்ததாகச் சொல்லப்படும் கல் ஆசனத்தைப் பார்க்க வெளிநாட்டவர்கள் வருகிறார்கள். காட்டை வெட்டி அந்தத் தேயிலையை நட்ட கைகள் எங்கே உட்கார்ந்தன என்று யாரும் கேட்பதில்லை, அது வேறு கதை.

சாகசச் சுற்றுலா பற்றிய பேச்சு மலைநாட்டில் அதிகரித்திருக்கிறது. கயிறு கட்டிப் பாறை ஏறுவது உலகெங்கும் பெரிய விளையாட்டாகிவிட்டது. டோக்கியோவில் 2021இல் நடந்த போட்டிகளிலிருந்து அது ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. கைவிடப்பட்ட கல்குவாரிகளை ஏன் பொதுப் பூங்காக்களாக்கக் கூடாது என்பது நியாயமான கேள்வி. தோட்டத்து இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை, பிள்ளைகளுக்கு விளையாட இடம், குப்பை கொட்டும் குழிக்கு ஒரு பயன். என் பதில் ‘ஆம்’தான். ஆனால் இந்த யோசனை வேறு நாடுகளில் எப்படி வந்தது, யாருக்கு உதவியது என்பதைப் பார்க்காமல் அந்த ‘ஆம்’ஐச் சொல்லிவிட முடியாது.

நல்ல உதாரணம் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குவின்சி. 19ஆம் நூற்றாண்டில் அங்கே கருங்கல் வெட்டினார்கள். கடைசிக் குவாரி 1963இல் மூடப்பட்டது. குழிகளில் தண்ணீர் நிறைந்தது. அதில் குதித்தும் நீந்தியும் பலர் இறந்தார்கள். 1985இல் அரச நிறுவனமொன்று 22 ஏக்கரை வாங்கியது. பின்னர் பொஸ்டன் நகரத்தின் சுரங்கப்பாதை வேலையில் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து குழிகளை நிரப்பினார்கள். மண்ணுக்கு மேலே எஞ்சிய பாறைச் சுவர்களில் இன்று பொதுமக்கள் ஏறுகிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது வரிசை: கல் வெட்டுவது முடிந்தது, நிலம் பொதுச்சொத்தானது, ஆபத்து அகற்றப்பட்டது, அதன்பிறகே பூங்கா வந்தது.

இந்த வரிசை தலைகீழானால் என்ன நடக்கும் என்பதை அரிசோனாவில் பார்க்கலாம். அங்குள்ள ஓக் ஃபிளட், அப்பாச்சி பழங்குடியினரின் புனித நிலம். 1955இல் ஜனாதிபதி ஐசன்ஹோவரின் நிர்வாகம் அந்த இடத்தில் சுரங்கம் தோண்டுவதைத் தடை செய்தது. பாறை ஏறுபவர்களுக்கும் அது பெயர்போன இடம். ஆண்டுதோறும் பெரிய போட்டிகள் நடந்தன. நிலத்துக்கு அடியில் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் ஆழத்தில் செம்பு இருக்கிறது. ரியோ டின்டோவும் பிஎச்பியும் சேர்ந்த ரெசலூஷன் கொப்பர் நிறுவனம் அதைக் கேட்டது. அடியிலிருந்து தாதைச் சரியவிட்டு எடுக்கும் முறை என்பதால் மேற்பரப்பு உள்வாங்கி, சுமார் மூன்று கிலோமீற்றர் அகலமான பள்ளம் உருவாகும்.

எதிர்ப்பு வந்தபோது மேசைக்கு வந்தது ஒரு பூங்கா. ‘டாமோ’ என்ற வேறோர் இடத்தில், பாறை ஏறுவதற்கென்றே மாநிலப் பூங்கா ஒன்றை அமைப்போம் என்பது 2000களின் நடுப்பகுதியில் நிலப் பரிமாற்றச் சட்டமூலங்களில் எழுதப்பட்டது. ஏறுபவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கிடைப்பதை வாங்கிக்கொள்வோம் என்றார்கள் சிலர். அழியப்போகும் இடத்துக்கு இன்னோர் இடம் ஈடாகாது என்றார்கள் மற்றவர்கள். 2014 டிசம்பரில் நிலப் பரிமாற்றம் பாதுகாப்புச் செலவினச் சட்டமொன்றுக்குள் சொருகப்பட்டு நிறைவேறியது. அந்தச் சட்டத்தில் பூங்கா இல்லை. அப்பாச்சிகளின் வழக்கை விசாரிக்க 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. எதிர்ப்பாளர்களில் ஒரு பகுதியைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்ததுதான் அந்தப் பூங்காவால் நடந்த ஒரே காரியம்.

பாறையைக் காப்பாற்ற மறுத்து அழகுபடுத்த முன்வருவது தமிழருக்கும் புதிதல்ல. மதுரை யானைமலையை 2010இல் ‘சிற்ப நகரம்’ ஆக்கும் யோசனை எழுந்தது. குடைவரைக் கோயிலும் சமணர் படுக்கைகளும் உள்ள மலை அது. நரசிங்கம் ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அதே மதுரையில் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் இந்திய மத்திய அரசு இரத்துச் செய்ததற்கும் ஊர்களின் போராட்டமே காரணம்.

இனி நம்முடைய பக்கம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியப்பொருள் சட்டத்தின் கீழ் குவாரிக்கான உரிமத்தைப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் வழங்குகிறது. வேலை முடிந்ததும் நிலத்தைச் சீர்செய்வது உரிமக்காரரின் பொறுப்பு. அதற்காக வைப்புப் பணமும் வாங்கப்படுகிறது. ஆக, பூங்காவுக்கான முதல் பணம் சுற்றுலா முதலீட்டாளரின் பையிலிருந்து வரவேண்டியதில்லை, சட்டப்படி ஏற்கனவே இருக்க வேண்டியது. எங்கள் ஊர்ப் பக்கங்களில் கைவிடப்பட்டுக் கிடக்கும் குழிகளைப் பார்த்தால் அந்தப் பணம் என்ன ஆனது என்று கேட்கத் தோன்றும்.

பாறையின் தன்மையும் முக்கியம். குவின்சியின் பழைய சுவர்கள் பெரும்பாலும் துளையிட்டு, ஆப்பு வைத்துப் பிளந்தவை. மலையகத்தில் டைனமைட் வைத்து உடைக்கிறோம். வெடி வைத்த பாறையின் உள்ளே விரிசல் ஓடும். தளர்ந்த கற்களை நீக்காமல், ஆணி தாங்குமா என்று சோதிக்காமல் அதில் ஆளை ஏற்ற முடியாது. 2020இல் மகாவலிக்கு அப்பால் திகன பக்கத்தில் நில அதிர்வுகள் உணரப்பட்டபோது மக்களின் சந்தேகம் முதலில் சென்றது சுண்ணக்கல் குவாரிகள் மீதுதான். 2025 நவம்பரில் டித்வா புயல் 600க்கும் அதிகமானோரைக் கொன்றது. உயிரிழப்பில் முன்னணியில் இருந்தது கண்டி மாவட்டம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எழுத்துமூல அறிக்கை இல்லாமல் இந்தச் சரிவுகளில் வாகனத் தரிப்பிடம்கூட வெட்டக்கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, ‘பொது’ என்பது யார் என்பது. பொதுப் பூங்கா அமைப்பது பிரதேச சபையின் வேலை. ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். அதாவது முப்பது வருடங்களாக வாக்குப் போட்ட தோட்ட மக்களுக்கு ஒரு விளையாட்டு மைதானத்தைக்கூடச் சபையால் சட்டப்படி கொடுக்க முடியவில்லை. இன்றும் பாறைக்குக் கீழே வாழ்பவரின் கையில் பெரும்பாலும் காணி உறுதி இல்லை. நிலம் அரசினுடையது, அல்லது குத்தகைக்கு எடுத்த கம்பனியினுடையது. லூல்கந்துர போன்ற தோட்டங்கள் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையின் கீழ் இருக்கின்றன. பாறை ஏறும் பூங்காவுக்கு ஒப்பந்தம் எழுதும்போது கையெழுத்திடுவது சபையும் முதலீட்டாளரும். பாறையடியில் மாடசாமிக்கோ முனியாண்டிக்கோ விளக்கேற்றுபவரிடம் யார் கேட்பார்கள்? புயலில் வீடிழந்து ஏழு பேர்ச்சஸ் காணிக்குக் காத்திருப்பவருக்கு ‘பாதுகாப்பான நிலம் இல்லை’ என்று சொல்லிவிட்டு, அதே தோட்டத்தில் சுற்றுலாவுக்கு ஏக்கர் கணக்கில் ஒதுக்கினால் அதைப் பூங்கா என்று யார் நம்புவார்கள்?

ஆகவே நிற்கும் பாறையைத் தொடக்கூடாது. உரிமம் முடிந்த குவாரி மட்டும் போதும். புதிய குவாரி உரிமத்துக்கு இனாமாகப் பூங்கா தருகிறோம் என்று எவராவது வந்தால் அந்தக் கோப்பை அங்கேயே மூடிவிடலாம். நிலம் பிரதேச சபையின் பெயரில் இருக்க வேண்டும், நுழைவுக் கட்டணம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இருக்கக் கூடாது, கயிறு பிடிக்கப் பயிற்சி பெறுவோரில் முதல் இடம் பக்கத்து லயங்களுக்கு.

இதற்குத் திட்ட வரைபடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சுரங்கப் பணியகத்துக்கு ஒரு விண்ணப்பம் போதும்: இந்தப் பிரதேச செயலகப் பிரிவுகளில் உரிமம் முடிந்த குவாரிகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் பெறப்பட்ட வைப்புப் பணம் எவ்வளவு, அதில் செலவிடப்பட்டது எவ்வளவு.